முப்பத்தெட்டு டிகிரி

மார்ச் 3
குளத்தில் மீன் வளர்த்துப் பிழைக்கும் குளத்தக்காவின் உரிமத்தைப் புதுப்பிக்க, மீன்வளத் துறை ஆபீசிலிருந்து ஆய்வுக்குப் போனேன். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து குளத்துக்கு வருவது சுடுதண்ணீர். குளத்திலேயே முப்பத்தெட்டு டிகிரி. உப்பும் சுண்ணாம்பும் வேறு அளவுகடந்து, கரைக்கல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. விதிப்படி முப்பத்துமூன்றுக்கு மேல் மீன் பிழைக்காது. மீன்களுக்கு இது தெரியவில்லை. உள்ளங்கை அகலத் திலாப்பியா துள்ளுகிறது.

மார்ச் 4
கருவிக் கோளாறு என்று அதிகாரி வேறொன்று கொடுத்தார். அதிலும் முப்பத்தெட்டு.

"மீன் இருந்தா முப்பத்தெட்டு இருக்காது. முப்பத்தெட்டுன்னா மீன் இருக்காது. எது வேணும்னு நீயே முடிவு பண்ணும்மா" என்றார் அதிகாரி.

மார்ச் 5
உரிமம் போனால் குளத்தை மூடிவிடுவார்கள். அக்காவுக்கு வேறு பிழைப்பு இல்லை. முப்பத்தொன்று என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

மார்ச் 19
என் அறிக்கையைப் பார்த்து, நல்ல குளமென்று இரண்டாயிரம் கெண்டைக் குஞ்சுகளை இலவசமாக அனுப்புகிறார்களாம். ஆபீசுக்குப் பாசம் வந்தால் தாங்காது.

மார்ச் 21
ஐயோ. நான் போய்ச் சேர்வதற்குள் லாரியிலிருந்து நேரே குளத்தில் கொட்டிவிட்டார்கள். அரை மணி நேரத்தில் அத்தனையும் மல்லாந்து மிதந்தன. நடுவே அக்காவின் மீன்கள் சாவகாசமாக நீந்துகின்றன.

"புதுக் குஞ்ச தொட்டியில விட்டு, இந்தத் தண்ணிய செம்பு செம்பா ஊத்தி, ஒரு வாரம் பழக்கணும். அதுவும் எல்லா மீனும் தாங்காது. சொன்னேனே, கேட்டானா அந்த டிரைவர்? தண்ணி முப்பத்தொண்ணுதான்னு காகிதத்தக் காட்டுறான்."

காகிதத்தில் இருப்பது யார் கையெழுத்து? அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வலையை வாங்கி நானும் அள்ளினேன்.

மார்ச் 23
அதிகாரி தீர்ப்புச் சொல்லிவிட்டார். தண்ணீரில் குறையில்லை, அறிக்கை இருக்கிறது. ஆகவே குஞ்சுகள் செத்தது அக்காவின் கவனக்குறைவு. உரிமம் ரத்து. காப்பாத்தப் போய் நானே கழுத்தறுத்துட்டேன்— இப்ப வாயைத் திறக்கலேன்னா நான் என்ன மனுஷி?

மார்ச் 24
எழுதிக் கொடுத்துவிட்டேன். முப்பத்தெட்டு. முந்தையது பொய், எழுதியது நான். நகல் தலைமை அலுவலகத்துக்கு. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 16
தலைமை அலுவலகத்திலிருந்து ஒரே நாளில் இரண்டு உறைகள். அக்காவுடையதை நான்தான் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். முப்பத்தெட்டு டிகிரியில் மீன் வாழ்வது அபூர்வமாம். ஆய்வுக்குளம் என்று அறிவித்து உரிமத்தைத் திருப்பித் தந்திருக்கிறார்கள். அக்கா அழுதுவிட்டாள்.

என்னுடையது மூன்று மாதத் தற்காலிகப் பணிநீக்கம். பைக்குள்ளேயே வைத்திருந்தேன்; உறையின் முனை வெளியே தெரிந்திருக்கிறது.

"உனக்கு என்ன வந்துச்சு?" என்றாள்.

"லீவு குடுத்திருக்காங்கக்கா."