யார் கையைப் பார்ப்பது

மார்ச் 3, செவ்வாய்
காற்று பலமாக இருந்ததால் காலையில் கிரேனில் ஏறவிடவில்லை. கிரேன் ஓட்டுகிறவள் கீழே நின்றால் எல்லாருக்கும் பேச்சுத் துணை. கீழிருந்து எனக்குக் கைகாட்டும் சிக்னல்காரர் தன் மகள் கல்யாணக் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தார். மதியம் ஏறி உட்கார்ந்ததும் தலை சுற்றியது. இத்தனை வருடத்தில் ஒருநாளும் சுற்றியதில்லை. நாள் தள்ளிப்போயிருப்பது அப்போதுதான் உறைத்தது.

மார்ச் 4
ஆமாம். சோதனை அட்டையில் இரண்டு கோடு.

மார்ச் 5, வியாழன்
வேண்டாம். எழுதிப் பார்த்தேன், மனசு மாறவில்லை.

பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு எட்டு. இப்போதுதான் விடியும்வரை தூங்குகிறேன். பெரிய கிரேனுக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆனால் இதெல்லாம் இல்லாவிட்டாலும் வேண்டாம்தான்.

இவரிடம் சொன்னேன். மின்விசிறியைப் பார்த்தபடி உன் இஷ்டம் என்றார். நல்ல மனுஷன். பிறகு பாத்ரூமுக்குள் போய் அவர் அம்மாவுக்குப் போன் போட்டார்.

மார்ச் 8, ஞாயிறு
விடிந்ததும் மாமியார் வந்து இறங்கினார். கூடவே கொழுந்தன், அவனுக்கு இதில் என்ன வேலையோ. ஹாலில் என் தலை உருண்டது. நான் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

திட்டமெல்லாம் தயார். நான் பெற்று நாத்தனாருக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். நாத்தனார் இவருடைய அக்கா. கல்யாணமாகி வருஷக்கணக்காகக் குழந்தை இல்லை, ஊசியும் மாத்திரையுமாக அலைகிறார். "உனக்கும் பாரமில்ல, அவளுக்கும் மடி நிறையும்" என்றார் மாமியார். கண் கலங்கியிருந்தது. பொய்க்கு அழுகிறவர் இல்லை. அதுதான் கஷ்டம்.

கொழுந்தன் சட்டம் பேசினான். கருவுக்கும் உரிமை உண்டாம். இருக்கட்டும்டா, அதுவும் யோசிக்க வேண்டிய கேள்விதான். ஆனா எனக்கு உண்டான்னு ஒருத்தராவது, ஒரு பேச்சுக்காவது கேட்டீங்களா?

மார்ச் 9
டிவியிலும் இதே விவாதம். நாலு ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண் வாயைத் திறக்கும்போதெல்லாம் விளம்பர இடைவேளை.

மார்ச் 11, புதன்
ஆஸ்பத்திரி. சட்டப்படி உங்கள் சம்மதம் போதும் என்றார் டாக்டரம்மா. அடுத்த மூச்சிலேயே, "வீட்டுலேர்ந்து யாரையாவது கூட்டிட்டு வந்துடுங்களேன்" என்றார். போதும்னா போதாதா? படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். துக்கமில்லை, கோபம்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. கீழே பத்துப் பேர் கையாட்டினாலும் சிக்னல்காரர் ஒருவர் கையைத்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சரக்கு யார் தலையிலாவது இறங்கும். "நிறுத்து" மட்டும் யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும். வீட்டில் ஆளாளுக்குக் கையாட்டுகிறார்கள். நான் யார் கையைப் பார்க்கிறேன்?

மார்ச் 12
நாத்தனார் முகம் கண்ணிலேயே நிற்கிறது. எனக்கு வேண்டாததற்கு அவர் தவம் கிடக்கிறார். நான் கல்நெஞ்சக்காரியா? ஒன்பது மாசம்தானேங்கறாங்க. தானே! சுமக்கறது யாரு?

மார்ச் 15, ஞாயிறு
மறுபடி கூட்டம். இந்தத் தடவை நாத்தனாரையும் வரவழைத்திருந்தார்கள். கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து நேராக வந்தவர், தோள்பையைக்கூட இறக்கவில்லை. குழந்தைக்கு எந்த அறை என்பது வரை பேச்சு போய்விட்டது. திடீரென்று உள்ளங்கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்கம்மா. எனக்காக எனக்காகன்னு பேசறீங்களே, என்னை யாராவது கேட்டீங்களா? ஊசி போட்டுக்கறியான்னுகூட என்னைக் கேட்கல, டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டுத்தான் சொன்னீங்க. எனக்கு அலுத்துப்போச்சு. இவ அழுதுக்கிட்டே பெத்துத் தர்ற குழந்தை எனக்கு வேண்டாம்."

கொழுந்தன் சட்டத்தை மறந்து செருப்பைத் தேடினான். நான் காய் நறுக்கிய கத்தியைச் சமையலறையில் வைத்துவிட்டு ஹாலுக்கு நடுவில் வந்து நின்றேன்.

"எனக்கு வேண்டாம், அத்தை. முடிவு பண்ணிட்டேன். சொல்றதுக்குத்தான் வந்தேன், கேக்கறதுக்கு இல்ல."

குரல் உயரவே இல்லை, எனக்கே ஆச்சரியம். இவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். ரொம்பத் தாமதம். ஆனாலும் நின்றார்.

மார்ச் 18, புதன்
நாத்தனார்தான் கூட வந்தார். டாக்டரம்மா அவரைப் பார்த்து, குடும்பத்தில் எல்லாருக்கும் சம்மதம்தானே என்று கேட்டார். நாத்தனார் தன் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? அவளைக் கேளுங்க."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். கேட்டார். சொன்னேன்.

மார்ச் 19
நேற்றே முடிந்துவிட்டது. வயிறு வலிக்கிறது. கொஞ்சம் அழுதேன். வருத்தமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. சின்னவள் வந்து காலடியில் சுருண்டு தூங்கிப்போனாள்.

மார்ச் 29
நாத்தனார் ஊசியை நிறுத்திவிட்டார். நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். மூக்கில் தண்ணீர் ஏறுகிறதாம், சந்தோஷமாகத் திட்டுகிறார்.

ஏப்ரல் 20, திங்கள்
பெரிய கிரேனில் முதல் நாள். அப்பா, என்ன உயரம்! நகரம் முழுக்க என் காலுக்குக் கீழே. இரும்புக் கம்பிக் கட்டு ஒன்றை அசங்காமல் கொண்டுபோய் இறக்கினேன், சிக்னல்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மதியம் வேலிக்கு வெளியே நாத்தனார் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமியார், வெயிலுக்கு நெற்றியில் கை வைத்து என்னை அண்ணாந்து பார்த்தபடி. கொஞ்சம் தயங்கி அவரும் கையை ஆட்டினார்.

வேலை நடக்கும்போது சிக்னல்காரர் கையைத்தான் பார்க்க வேண்டும். கொக்கியில் சரக்கு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஜன்னலைத் திறந்து நானும் ஆட்டினேன்.