தெற்கே பார்த்த மனை

வீடு கட்டப் போகிறேன் என்று மலையேறி, அங்கேயே படுத்துக்கொண்ட என் மச்சானுக்கு,

உங்கள் சவேரியம்மாள் எழுதிக்கொள்வது. நானும் நம் மகள் பாக்கியமும் சர்வேசுரன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். இதற்கு அடுத்த வரியில் உங்கள் சுகத்துக்கு எழுதவும் என்று போடுவது வழக்கம். அதை எழுதப் போனேன், கை நின்றுவிட்டது.

உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. அணை வேலைக் கேம்பிலிருந்து நீங்கள் அனுப்பிய இரண்டு காகிதமும் அங்கே இருந்த ரைட்டர் எழுதியவை. இரண்டிலும் நான் 'மேற்படி சவேரியம்மாள்' ஆகியிருந்தேன். கட்டிய பெண்டாட்டியை யாராவது மேற்படி என்பார்களா? அதனால் இதை நானே உரக்க வாசித்துவிடுவதாக இருக்கிறேன். நாளைக்கு ஆத்துமாக்கள் திருநாள். கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் மெழுகுதிரி ஏற்ற ஒரு மண்மேடு இருக்கிறது. எனக்கு இல்லை. நான் வேலியோரம் நின்று, மலையைப் பார்த்து வாசிப்பேன். சுற்றி நிற்பவர்கள் கேட்டால் கேட்கட்டும்.

முக்கியமாக உங்கள் தம்பி அந்தோணி கேட்க வேண்டும். நமக்கு எந்த இடத்தில் வீடு என்று நாளைக்குச் சொல்லிவிடுவதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்களிடம் சொல்லாமல் அவரிடம் எப்படிச் சொல்வது?

இந்த வீட்டுப் பேச்சு எங்கே தொடங்கியது என்று உங்களுக்கு மறந்திருக்காது. ஒரு கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு. நான் உரலில் கம்பு போட்டால் தம்பி பெண்டாட்டி ஞானம்மாளுக்குத் தலைவலி. அவள் பிள்ளை அழுதால் எனக்குத் தலைவலி. கோயில் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்றுதானே, பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று நம் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். அடுத்தவள் மூச்சுச் சத்தம் காதில் விழாத இடத்தில் எனக்கு ஒரு வீடு வேண்டும் என்று உங்களை அரித்தெடுத்தேன். நீங்களும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு பங்குனியில் அக்கரைக்குக் கூட்டிப் போய் உங்கள் பங்குப் புஞ்சையைக் காட்டினீர்கள்.

முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டினீர்கள். தோண்டிய மண்ணைத் திரும்ப அதே குழியில் போட்டு மிதித்தீர்கள். மண் மிஞ்சினால் குடி தழைக்கும், குறைந்தால் தேயும் என்பது இந்த ஊர்க் கணக்கு. இதெல்லாம் வேதக்காரர் செய்யக்கூடாது என்று சாமியார் பிரசங்கம் வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு கூடை மண் மிஞ்சியது. உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பாவத்துக்குப் பரிகாரம்போல மடியிலிருந்து குருத்தோலைச் சிலுவைகளை எடுத்து, மூலைக்கு ஒன்றாகப் புதைத்து, அதன்மேல் கல் ஊன்றினீர்கள். சாமிக்கும் ஆயிற்று, சாஸ்திரத்துக்கும் ஆயிற்று என்றீர்கள்.

மண்ணைப் பார்த்தீர்கள், காற்றைப் பார்த்தீர்கள், மேடு பள்ளம் பார்த்தீர்கள். ஆற்றை மட்டும் பார்க்கவில்லை. உங்களைச் சொல்லி என்ன, நானும்தான் பார்க்கவில்லை. நமக்கு ஆறு என்றால் மணல். மழைக்காலத்தில் இரண்டு மாதம் ஓடும், பிறகு கொலுசு நனையாமல் தாண்டலாம். கோயில் மணி அடிக்கத் தொடங்கினபிறகு அக்கரையிலிருந்து கிளம்பினாலும் பூசைக்கு வந்துவிடலாம் என்று நீங்கள் சொன்னதற்கு நானும் தலையாட்டினேன்.

சுவர் வைக்கவும் மரம் வாங்கவும் கையில் ஏதாவது வேண்டுமே என்று, மலைத் தண்ணீரை நம் ஆற்றுக்குத் திருப்புகிற அணை வேலைக்குப் பெயர் கொடுத்தீர்கள். காய்ச்சல் பிடித்த மலை, போகாதே என்று உங்கள் அம்மா அழுதார்கள். நான் அழவில்லை. முந்தின நாள்தான் எனக்கும் ஞானம்மாளுக்கும் ஒரு பானைக்காக மூண்டிருந்தது. அந்தச் சூட்டோடு, நீங்கள் மூட்டையைத் தோளில் போடும்போது சொன்னேன்.

"வீட்டுக்கு ஒரு வழி பண்ணிட்டு வாங்க. இல்லாட்டி அங்கனயே இருங்க."

நீங்கள் சிரித்துக்கொண்டே, சரி புள்ள என்றீர்கள். சொன்ன சொல் தட்டாத மனிதர் என்று ஊரில் உங்களுக்குப் பெயர். இந்த ஒரு சொல்லைத் தட்டியிருக்கக் கூடாதா?

எட்டாம் மாதம் உங்கள் கூட்டாளி சந்தியாகு வந்தார். உங்கள் ஜெபமாலையை என் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் குளிர்க்காய்ச்சல், நாலாம் நாள் காலையில் முடிந்துவிட்டது என்றார். கேம்புக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் அடக்கம் பண்ணி, கிளையை ஒடித்துச் சிலுவை கட்டி நட்டார்களாம். கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். பிதற்றலில் யாரிடமோ கல்லைச் சரியாக ஊன்று, கோணலாகப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களாம். அது அணைக்கல்லா, நம் மனைக்கல்லா? சந்தியாகுவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

இனி தண்ணீர் வந்த சேதி. போன ஐப்பசியில் வந்தது, மச்சான். மலையைக் குடைந்த வழியாக வருகிறது என்று முந்தின நாளே சேதி வந்துவிட்டது. உபதேசியார் தலைமையில் நாங்கள் எல்லோரும் தண்ணீரை வரவேற்க ஆற்றுக்குப் போனோம். எங்கே போய் நின்றோம் தெரியுமா? ஆற்றுக்கு நடுவில், மழை இன்னும் இறங்காத காய்ந்த மணலில். மெழுகுதிரியும் மாலையும் வைத்துக்கொண்டு முழங்கால் போட்டு ஜெபம் சொன்னோம். வந்த தண்ணீர் கும்பிட்டவர்களைச் சுற்றிக்கொண்டு போகும் என்று நினைத்தோமோ என்னவோ! முதலில் கரையோரத்துச் சருகை நனைத்துக்கொண்டு வந்தது. பிறகு பெண்களின் சேலை நனைந்தது. இரண்டாம் மந்திரம் முடிவதற்குள் உபதேசியார் ஜெபப்புத்தகத்தைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஓடினார். எல்லோரும் ஓடினோம். கரையேறிச் சிரித்தோம், அப்புறம் அழுதோம். அந்தத் தண்ணீரை ஒரு கை அள்ளி முகத்தைக் கழுவினேன். அது நீங்கள் இருக்கும் பக்கத்திலிருந்து வருகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

தையில் வடியும் என்றார்கள். வடியவில்லை. சித்திரையிலும் ஆளை இழுக்கிற அளவுக்கு ஓடியது. நம் ஊரில் நீச்சல் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அக்கரையில் மாடு கட்டியிருந்தவர்கள் பாடு பெரும்பாடு. மேலே பாறை இருக்கிற இடம்வரை நடந்துபோய்த் தாண்டி, அக்கரை வழியாகத் திரும்பி நடந்து வருவதற்குள் அரைப்பொழுது போய்விடுகிறது. அங்கே வீடு கட்டினால் பாக்கியத்துக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை இல்லை. அவசரத்துக்கு ஒரு கங்கு நெருப்பு கேட்க ஆள் இல்லை. எந்தத் தண்ணீருக்காக மலையேறினீர்களோ, அதுவே நீங்கள் பார்த்த மனைக்குக் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

ஆனால் உங்கள் தம்பி விடவில்லை. அவர் உங்கள்மேல் வைத்திருக்கிற பாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

"அண்ணன் கல்லு ஊனிட்டுப் போயிருக்காக மதினி. அதைத் தாண்டி நாம ஒரு பேச்சுப் பேசலாமா?" என்றார்.

சொன்ன சொல்லுக்காக உயிரைக் கொடுத்தவரின் கல்லை நான் எப்படிப் பிடுங்குவேன்? கட்டினால் அங்கேதான் கட்டுவது, தண்ணீருக்கு அந்தப் பக்கம் தனியாகக் கிடந்து அனுபவிப்பது, எனக்கு அதுதான் தண்டனை என்றுகூட முடிவு கட்டியிருந்தேன். போன ஆவணியில் கொத்தனாரையும் அழைத்துக்கொண்டு மூன்று பேருமாகப் பாறை வழியே சுற்றிப் போனோம்.

நாலு கல்லும் அப்படியே இருக்கின்றன. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். அண்ணன் செய்தது போலவே செய்துவிடுவோம் என்று உங்கள் தம்பி குழி தோண்டினார். முழங்கை ஆழம்கூடப் போகவில்லை, அடியிலிருந்து தண்ணீர் ஊறியது. மண்ணைப் போடப் போட அது கூழாகிக் குழிக்குள் இறங்கியது. மிஞ்சியதா குறைந்ததா என்று சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே சேறு. உங்கள் தம்பி சேற்றுக் கையோடு அப்படியே நின்றார்.

கொத்தனார் ஒரு பிடி எடுத்துப் பிசைந்து பார்த்தார். "இங்கன மண்சுவர் நிக்காது ஆத்தா. ஒரு மழைக்குத் தாங்காது. ஆனா நெல்லுப் போட்டா, இதுமாதிரி மண்ணு இந்தச் சுத்துவட்டாரத்துல கிடையாது."

சோளத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத புஞ்சை, மச்சான். அதில் நெல்லா! எனக்கு அழுகையும் வந்தது, உங்களை நினைத்துச் சிரிப்பும் வந்தது. வீட்டுக்கு இடம் பார்க்கப் போய் நீங்கள் பார்த்துவிட்டு வந்தது வயல்.

இடையில் என் புத்தி இன்னொரு பக்கமும் போனது. பேசாமல் உங்கள் பக்கத்திலேயே வந்துவிட்டால் என்ன? ஒரு நாள் துணிமூட்டைகூடக் கட்டினேன். சந்தியாகுதான் தடுத்தார். மேலே கொட்டகைகளைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்களாம், ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருக்கிறார்களாம், அந்த மரத்தடியில் ஆள் உயரத்துக்குப் புல் வளர்ந்துவிட்டதாம். எந்த மேடு உங்களுடையது என்று இனி அவராலேயே காட்ட முடியாதாம். அதைக் கேட்டபிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கும் அங்கே வரத்தான் ஆசை. வந்து என்ன செய்ய? எந்தப் புல்லைக் கட்டிக்கொண்டு அழ?

இனி இக்கரைதான் என்றானபோது கோயில் குடி வைக்கக் கொடுக்கிற மனைகளில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. தெருக்கோடி மனை, கோயில் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் அடைத்தது போக வாசல் வைக்கத் தெற்கே மட்டும்தான் இடம். தெற்கு எமன் வருகிற திசையாம். வேதத்தில் சேர்ந்து இத்தனை தலைமுறை ஆகியும் அந்த மனையை ஒருவரும் தொடவில்லை. இதிலெல்லாம் நம்பிக்கை வைக்காதீர்கள் என்று ஊருக்குச் சொல்கிற உபதேசியாரே, தம் மகனுக்கு என்று வந்தபோது காற்று வராது என்று சாக்குச் சொல்லி நழுவினார். நாளைக்கு அவரும் கேட்டுக்கொண்டு நிற்பார், நிற்கட்டும்.

நான் போய் அந்த மனையில் நின்று பார்த்தேன். காற்று வருகிறது. அங்கிருந்து ஆறு வளைந்து வருவது தெரிகிறது. அதற்கும் அப்பால் மலை தெரிகிறது. நம் பழைய வீட்டு வாசலில் நின்றால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும், உங்களுக்குத் தெரியுமே. அங்கே நின்றால் நீங்கள் இருக்கிற திசை முழுவதும் தெரிகிறது. நான் வெகுநேரம் நின்றேன். பாக்கியம் பசிக்கிறது என்று கையை இழுத்தபிறகுதான் வந்தேன்.

ஞானம்மாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், சிரிக்காதீர்கள். நான் அக்கரைக்குப் போகப்போகிறேன் என்று பேச்சு நடந்தபோது அவள் அடுப்பங்கரையில் முகத்தை மூடி அழுதிருக்கிறாள், பாக்கியம் வந்து சொன்னாள். மறுநாள் எனக்கும் சேர்த்துக் கம்பு இடித்து வைத்திருந்தாள். எனக்குத் தலைவலி வரவில்லை. தெருக்கோடி மனைக்கும் அவள் வீட்டுக்கும் எட்டு வீடு இடைவெளி. சண்டை போட்டால் கேட்காது, கூப்பிட்டால் கேட்கும்.

அதனால் என் முடிவு இதுதான். உங்கள் தம்பி கோபிக்க வேண்டாம். அக்கரைக் கற்களை நான் பிடுங்க மாட்டேன். அவை வரப்புக்கு மூலைக்கல்லாக அங்கேயே இருக்கட்டும், உள்ளே நெல் நடுவோம், விளைந்ததை இரண்டு வீட்டுக்கும் பிரித்துக்கொள்வோம். வீடு தெருக்கோடியில், வாசல் தெற்கே. எமன் வருவான் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். அவன் வந்துபோன வீட்டுக்காரி நான்.

மச்சான், இதுதான் நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. உயிர் இருக்கும்வரை அந்த வாசலை அடைத்துச் சுவர் வைக்க விடமாட்டேன். ஒவ்வொரு ஆத்துமாக்கள் திருநாளுக்கும் உங்கள் மெழுகுதிரி அந்த நிலைப்படியில் எரியும். வயலில் முதல் அறுப்புக்கு வருகிற நெல்லை உங்கள் பெயரில் பூசைக்குக் கொடுப்பேன். பாக்கியத்துக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க ஆள் பார்க்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொன்ன என் வாய், அதற்கப்புறம் உங்களிடம் வேறொன்றும் சொல்லவே முடியாமல் போய்விட்டது. இரண்டு வருடமாக அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாமல் கிடந்தேன். நாளைக்கு ஊர் கேட்க, மலை கேட்கச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வழி பண்ணியாச்சு, மச்சான். இனி அங்கன இருக்க வேண்டாம். வாங்க.

உங்கள் அத்தை மகள்,
சவேரியம்மாள்