தேவமலரின் மழை

சிம்பாங் அம்பாட்,
12.10.1994

அன்புள்ள அம்மாவுக்கு நிவேந்திரன் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

என் மாணவி தேவமலர் மாநிலக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கிவிட்டாள். வகுப்பில் ‘மழை’ என்று தலைப்புக் கொடுத்தபோது அவள், “சார், மழை நல்லதுன்னு எழுதணுமா, உண்மைய எழுதணுமா?” என்று கேட்டாள். “உண்மையவே எழுதுலா” என்றேன். மற்றவர்கள் மாதிரிக் கட்டுரையை மனப்பாடமாக ஒப்பித்து உழவர்களை வாழ்த்தினார்கள். இவளோ, மழை பெய்தால் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட முடியாது, கூலி கிடையாது, ஆனால் அன்றைக்குத்தான் தன் அம்மா காலையில் வீட்டில் இருந்து தனக்குத் தலைவாரி விடுவார் என்று எழுதினாள். அதைத்தான் போட்டிக்கு அனுப்பினேன். இதுவரை கேண்டீனில் நடந்த தமிழ் வகுப்புக்குப் பள்ளி முதல்வர் இன்று அறையே கொடுத்துவிட்டார்.

மாமா இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. இங்கே விடாத மழை, அம்மா.

உங்கள் மகன்,
நிவேந்திரன்