மின்னோ தின்ற பக்கங்கள்

பராகா, மிச்சிகன்
ஆகஸ்ட் 9, 2004

அன்பு மகள் சிர்காவுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, கால்தான் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. நீ அங்கே அலாஸ்காவில் அந்தக் குளிரில் கைவிரல் பத்தும் பத்திரமாக, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவை எழுந்து போய்விட்டேன், ஒரு தடவை அடுப்பில் ஒன்றுமே வைக்காமல் அடுப்பை எட்டிப் பார்க்கப் போனேன். சவுனாக் குளியலறையின் கூரைத் தகரம் ஒன்று காற்றில் கிளம்பிவிட்டது, ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன். அப்பா போய் நாலு மாதம் ஆகப் போகிறது. ஏப்ரலில் காற்றடித்து விமானம் கிளம்பாமல் அடக்கத்துக்கு நீ வர முடியாமல் போனதை மனதில் போட்டுக் குமையாதே, அதை நான் தப்பென்று நினைக்கவே இல்லை. தப்புச் செய்தது நான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

அப்பாவின் மின்னோவைப் பற்றி உனக்குத் தெரியாததில்லை, ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு ஒழுங்காக வரும். தூண்டிலில் கோக்கும் குட்டி மீனின் பேரை அந்தப் புரோகிராமுக்கு வைத்தார். கம்ப்யூட்டரில் ஒரே ஃபைல் இரண்டு மூன்று இடத்தில் கிடந்தால் தேடிப் பிடித்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. முப்பத்தெட்டு கிலோபைட். ஒரு ஃபிளாப்பியில் முப்பத்தேழு மின்னோ பிடிக்கும் என்று சர்ச் காபிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார், மற்றவர்கள் பேரப்பிள்ளை படம் காட்டுகிற மாதிரி. அவர் கம்ப்யூட்டரில் இருந்த எல்லாமே அப்படிக் குட்டிக் குட்டிதான், எழுத ஒன்று, தேட ஒன்று, நாள் பார்க்க ஒன்று, தட்டினால் கண் இமைப்பதற்குள் வந்து நிற்கும். ரூடி கோஸ்கியின் கடையில் இருக்கும் புதுக் கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்குள் நான் ஒரு கப் காபி குடித்து கப்பையும் கழுவி வைத்துவிடுவேன். அப்பா மின்னோவுக்குக் காசு வாங்கவில்லை. பிடித்திருந்தால் உங்கள் ஊர்ப் படம் போட்ட கார்டு ஒன்று அனுப்புங்கள் என்று கடைசி வரியில் எழுதி நம் தபால் பெட்டி எண்ணைப் போட்டிருந்தார். அந்த மாதிரி ஆட்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். கன்சாஸில் அந்த எழுதுகிற புரோகிராமைச் செய்தவருக்கு அப்பா நம் ஏரிப் படம் அனுப்பினார், அவர் கோதுமை வயல் படம் அனுப்பினார், இரண்டு பேரும் முகம் பார்த்ததே இல்லை. ஆனால் அவருடைய புரோகிராம் ஒரு தடவை இரண்டு கிலோபைட் பெருத்துப் போனபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த கறிப் பாஸ்டியைப் பாதியில் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

பிப்ரவரியில் அவர் படுக்கையில் இருந்தபோது ஒரு கார்டு வந்தது. அவர் படுத்ததிலிருந்து நான்தான் தபால் நிலையம் போய் எடுத்து வருவேன், வந்து அவருக்கு வாசித்துக் காட்டுவேன், மூச்சு வாங்கினாலும் எந்த ஊர் என்று முதலில் கேட்பார். இந்தக் கார்டில் பசு மாட்டுப் படம். விஸ்கான்சினிலிருந்து ஆர்வில் டெஷ் என்று ஒருவர். செத்துப்போன தங்கை கையால் எழுதி வைத்த நூற்று நாற்பது சமையல் குறிப்பு அட்டைகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்தாராம், அட்டைகளைத் தங்கை பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டாராம், பிறகு மின்னோவை ஓட்டினாராம். "உங்க மீன் எல்லாத்தையும் தின்னுட்டு ஒண்ணே ஒண்ணு மிச்சம் வெச்சிருக்கு. கேரட் கேக். எனக்குக் கேரட்டே ஆகாது" என்று எழுதியிருந்தார். நான் தபால் நிலைய வாசலில் பனியில் நின்று அதை இரண்டு தடவை வாசித்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "இன்னிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். ஒன்றும் வரவில்லை என்றேன். அந்தக் கார்டை அடுப்புத் துணி வைக்கும் இழுப்பறையில் அடியில் போட்டுவிட்டேன். அவரிடம் காட்டியிருந்தால் ஆக்சிஜன் குழாயைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்திருப்பார், அதுதான் எனக்குப் பயம். நிம்மதியாகப் போகட்டும் என்று நினைத்தேன். அப்புறம் அடக்கம், வருகிறவர் போகிறவர், இழுப்பறையை நான் திறக்கவே இல்லை.

ஜூனில் இன்னொன்று வந்தது. கனடாவில் நோவா ஸ்கோஷாப் பக்கம் ஒரு சர்ச்சில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்கிற பெண். அறுபது வருஷத்துப் பக்கங்கள், ஒரே ஒரு பக்கம்தான் மிச்சம். அவள் கோபமாகக்கூட எழுதவில்லை, நான் ஏதாவது தப்பாக அழுத்திவிட்டேனா ஐயா என்று அப்பாவைக் கேட்டிருந்தாள். அதிலிருந்துதான் எனக்கு உட்கார முடியாமல் போனது. இரண்டு கார்டையும் எடுத்துக்கொண்டு தூண்டில் கடைக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற ரூடியிடம் போனேன். அவன் அரை நாள் அதையும் இதையும் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "ஐலி, ரெண்டு ஃபைல் ஒண்ணுதானான்னு பாக்கணும்னா முழுசாப் படிக்கணும், அதுக்கு நேரம் ஆகும். உன் ஆளு என்ன பண்ணிருக்கான், நீளம் ஒண்ணா இருக்கா, தலை ஒண்ணா இருக்கா, வால் ஒண்ணா இருக்கா, அப்ப மீனும் ஒண்ணுதான்னு விட்டுட்டான். ஸ்கேன் பண்ணுன பக்கம் எல்லாம் ஒரே நீளம், மேல வெள்ளை, கீழ வெள்ளை. நடுவுல எழுதியிருக்கிறதை மீன் பாக்கவே இல்ல" என்றான். வேகத்துக்காகவா என்று கேட்டேன். "வேகத்துக்கும்தான், புரோகிராம்ல நாலு வரி மிச்சம் பிடிக்கவும்தான். ஆர்மஸைப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா, ஒரே டீ பையையே மூணு தடவை நனைக்கிறவன்" என்றான். அவன் சிரித்தான், எனக்கு அழுகை வந்தது, பிறகு நானும் சிரித்துவிட்டேன்.

ரூடி டெலிபோன் கம்பெனியில் பேசி, இறப்புச் சான்றிதழைக் காட்டி, எல்லாரும் மின்னோவை எடுத்துக்கொள்ளும் அப்பாவின் வலைப்பக்கத்தை நீக்க வைத்துவிட்டான். ஆனால் ஏற்கனவே எடுத்து வைத்திருக்கிறவர்கள் கதி? ஒவ்வொரு நாளும் எவனாவது எங்கேயாவது அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பான் என்ற நினைப்பு, பாத்திரம் கழுவும்போதும் அது, சர்ச்சில் பாட்டுப் பாடும்போதும் அது. மின்னோவை வைத்திருக்கிறவர்கள் யார் என்று யாருக்குத் தெரியும் என்று ரூடி கையை விரித்தான். எனக்குத் தெரியுமே என்றேன். மூன்று பூட்ஸ் பெட்டி நிறையக் கார்டு, அறுநூற்றுப் பதினாலு, அதில் நானூற்றுச் சொச்சத்தில் முகவரி இருக்கிறது. தபால் நிலையத்தில் கார்டுக் கட்டுகளைக் கேட்டபோது கவுன்டரில் இருக்கும் லூசில், "என்ன ஐலி, தேர்தல்ல நிக்கிறியா?" என்றாள். நிற்கவில்லை, உட்கார்ந்துதான் எழுதப் போகிறேன் என்றேன்.

ரூடிக்கு அது பிடிக்கவில்லை. "செத்தவன் பேரை நீயே கெடுக்கறியே. அவன் பண்ணதுல நல்லபடியா நின்னது அது ஒண்ணுதான். தானா மறந்து போயிடும், விடு" என்றான். அன்றைக்கு நான் எழுதாமல் எழுந்து வந்துவிட்டேன், சிர்கா. ஒரு எழுத்து வீணானாலும் பொறுக்காதவர், அவருடைய பேருக்குக் கீழே தவறு இருக்கிறது என்று என் கையால் எழுத வேண்டும். வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கறுப்பு ஈ கடித்துக் கழுத்தெல்லாம் வீங்கிப்போனது. கடைசியில் அந்த நோவா ஸ்கோஷாப் பெண் நினைவுக்கு வந்தாள், தன் மேல்தான் தப்பென்று அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே வந்து எழுத ஆரம்பித்தேன். ஆர்மஸ் லாஹ்தி ஏப்ரலில் காலமானார், மின்னோவில் ஒரு தவறு இருக்கிறது, ஸ்கேன் செய்த பக்கங்கள் இருக்கும் இடத்தில் அதை ஓட்டாதீர்கள். முப்பது கார்டு எழுதிய பிறகு அதுவும் பாதி உண்மைதான் என்று பட்டது. எல்லாவற்றையும் அவர் தலையில் போட்டுவிட்டு நான் பத்தினியாக நிற்கிறேன். முப்பத்தோராவது கார்டிலிருந்து, இது எனக்கு பிப்ரவரியிலேயே தெரியும், அவர் நோயாக இருந்ததால் மறைத்துவிட்டேன், மன்னியுங்கள் என்று சேர்த்தேன். பிறகு அந்த முதல் முப்பதையும் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கும், பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தானே நான்.

பதில் வர ஆரம்பித்திருக்கிறது. ஒருவர் திட்டியிருந்தார், திட்டட்டும். கன்சாஸ்காரர் நாலு பக்கம் எழுதியிருந்தார், அப்பா போனது அவருக்குத் தெரியாமலே இருந்ததாம், தவறைத் தானே சரி செய்து தருவதாகச் சொன்னார், ரூடி அப்பாவின் ஃபிளாப்பிகளை அவருக்கு அனுப்பிவிட்டான். சரி செய்தால் மின்னோ கொஞ்சம் பெருக்குமாம், கொஞ்சம் மெதுவாகுமாம், என்னிடம் அனுமதி கேட்டிருக்கிறார். ஆர்வில் டெஷ் அதே பசு மாட்டுப் படம் போட்ட இன்னொரு கார்டில் அந்தக் கேரட் கேக் குறிப்பை முழுசாக எழுதி, யாராவது சாப்பிட்டால் சரி என்று அனுப்பியிருந்தார். செய்து சர்ச்சுக்குக் கொண்டு போனேன். மிச்சம் வரவில்லை.

போன செவ்வாயோடு பெட்டிகள் முடிந்தன. முடிந்ததும் கை சும்மா இருக்கவில்லை, அப்பாவின் மேஜையைத் துடைக்கலாம் என்று கம்ப்யூட்டரை நகர்த்தினேன். சுவர்ப் பக்கமாக, யாருக்கும் தெரியாத இடத்தில், ஒரு கார்டை ஒட்டி வைத்திருந்தார். நண்டுப் படம். பேர் இல்லை. எங்கள் மீன் ஆலை அலுவலகத்தில் இருப்பது பழைய கம்ப்யூட்டர், உங்கள் புரோகிராம் அதில் பாதியில் நின்றுவிடுகிறது, முடிந்தால் பாருங்கள், மற்றபடி நல்ல வேகம் என்று எழுதியிருந்தது. கீழே டச்சு ஹார்பர், அலாஸ்கா, பெட்டி எண் 277. அந்த எண்ணைத்தானே மகளே நான் ஐந்து வருஷமாக உறை மேல் எழுதுகிறேன், அவர்தானே ஒவ்வொரு தடவையும் தபால்தலை ஒட்டுவார். நீ கிளம்பிய அன்றைக்கு, ஊர் உலகத்தோட பேச ஒரு பொடி மீனைச் செஞ்சு வெச்சிருக்கீங்க, வீட்டுல இருக்கறவகிட்ட பேச ரெண்டு வார்த்தை இல்லை என்று அவரிடம் கத்தினாயே. அலாஸ்காவில் ஒரு ஆள் கேட்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டு ஒன்பது நாள் அந்த மேஜையை விட்டு எழாமல் இருந்தார் ஒரு தடவை. எவனோ நண்டு பிடிக்கிறவனுக்கு இத்தனை பாடா என்று நான் கேட்டேன். அவர் காது சிவந்தது.

மின்னோவில் என்னென்ன மாற்றினார் என்று அவர் எழுதி வைத்த பட்டியலை ரூடியிடம் சொல்லி அச்செடுத்தேன். வரிக்கு வரி இங்கே இத்தனை குறைத்தேன், அங்கே அத்தனை குறைத்தேன் என்றுதான் இருக்கிறது. ஒரே ஒரு வரி வேறு மாதிரி. "டச்சு ஹார்பரில் இருப்பவருக்காக. ஒரு கிலோபைட் கூடிவிட்டது. கூடட்டும்." அந்தக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், நனையாமல் பார்த்துக்கொள். கன்சாஸ்காரருக்கு, பெருத்தால் பெருக்கட்டும் என்று எழுதிவிட்டேன்.

இதையும் கேள். கார்டு போட்டவர்களில் முகவரி தெரிந்த எல்லாருக்கும் எழுதியாகிவிட்டது, நீ ஒருத்திதான் பாக்கி. மின்னோவில் ஒரு தவறு இருக்கிறது. உங்கள் ஆலையில் ரசீதோ பதிவேடோ ஸ்கேன் செய்து வைத்திருந்தால் அதை ஓட்டாதே, ஓட்ட விடாதே. இது எனக்கு பிப்ரவரியிலேயே தெரியும். உன்னிடமும் மறைத்தேன். மன்னித்துக்கொள்.

குளிர் அறைக்குள் போகும்போது இரண்டு கையுறை போடு. ஏலக்காய் ரொட்டி ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன், காய்ந்திருந்தால் காபியில் நனைத்துச் சாப்பிடு. கடவுள் உன்னைக் கடல் காற்றிலிருந்தும் கெட்ட இயந்திரத்திலிருந்தும் காக்கட்டும், நீ நன்றாக இருப்பாய். பதில் கார்டாகவே போடு, எந்தப் படமானாலும் சரி. இந்தத் தடவை பேர் எழுதிப் போடு.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா ஐலி