கழற்றிப் போட்ட ஸ்டியரிங் பொக்ஸ்

மச்சான்,

இன்று காலை நம் பிக்கப்பின் ஸ்டியரிங் பொக்ஸுக்குப் புது எண்ணெய் ஊற்றினேன். போத்தலைத் திறந்ததும் அந்தக் கியர் எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. உன் சட்டையின் வாடை. வண்டிக்கடியில் படுத்தபடியே அழுதேன். மேலே நின்றவர்கள் நான் நட்டு முடுக்குவதாக நினைத்திருப்பார்கள்.

பதினோரு மாதமாக அந்தப் பொக்ஸ் என் கட்டிலுக்கடியில் சாக்குக்குள் கிடந்தது. தொட மனம் வரவில்லை. டயகமவுக்கு மேலே நம் தேயிலைத் தோட்ட டிவிசனுக்கு ஆட்டோ ஏறாது. ஏறுகிற ஒரே வண்டி, நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய, நம்மைவிட மூத்த இந்தப் பிக்கப்தான். பக்கத்து லயத்து வரிசை வீட்டில் ஒரு பெண்ணுக்கு இது நிறைமாதம். அதனால்தான் சாக்கை அவிழ்த்தேன்.

பொக்ஸில் எண்ணெய் ஒழுகினால் ஒழுகட்டும் என்பது உன் கட்சி. "ஊத்திக்கிட்டு ஓட்டுவோம்டா. கழட்டிப் போட்டா அன்னைக்குன்னு யாருக்காவது ஒண்ணு ஆகும்" என்பாய். நான் பிடிவாதக்காரன். ஹட்டனுக்குப் போய், ஒழுக்கை அடைக்கும் ஒயில் சீல் வாங்கி வந்து உன் மூக்குக்கு முன்னால் ஆட்டினேன்.

வண்டியில் கை வைக்கும் முன் லயம் லயமாகப் போய் விசாரிப்பாயே, அதை வேறு எந்த மெக்கானிக்கிடமும் நான் கண்டதில்லை. யாருக்காவது பிரசவ நேரமா, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை உண்டா என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்பாய். ஒருவர் தயங்கினாலும் ஸ்பேனர் பெட்டியை மூடிவிடுவாய். மூன்று ஞாயிறு அப்படியே தள்ளிப்போனது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

நாலாம் ஞாயிறு எல்லா வீட்டிலும் நலம் என்றார்கள். நீ திரும்பி வந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே படியில் உட்கார்ந்தாய்.

"நெஞ்சுக்குள்ள என்னமோ அடைக்குதுடா. அடுத்த வாரம் பார்ப்பமா?"

"இந்த வாரம் யாரும் மாட்டலன்னு நீயே சாக்கா வந்துட்டியா? இஞ்சி போட்டுப் பிளேன்டீ குடி, சரியாப் போயிரும்" என்றேன்.

நீ சிரித்தாய். தேநீரைக் குடித்துவிட்டு வண்டிக்கடியில் நுழைந்தாய். ஒரு மணி நேரத்தில் பொக்ஸ் கீழே இறங்கிவிட்டது. மண்ணெண்ணெயில் கழுவி, கிழிந்த பழைய ஒயில் சீலை நான் நெம்பி எடுத்து உன்னிடம் காட்டத் திரும்பினேன். நீ டயரில் சாய்ந்து, வேர்த்து, வாயைத் திறந்தபடி இருந்தாய்.

பொக்ஸ் கழன்று கிடந்ததால் முன்சக்கரங்களைத் திருப்ப வழியில்லாமல் வண்டி நின்றது. உன்னைக் கம்பளியில் கிடத்தி, ஆறு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு கீழ்ரோட்டுக்கு ஓடினோம். ஆட்டோ அங்கே காத்திருந்தது. ஆனால் பாதி வழியிலேயே உன் கை என் கைக்குள் கனத்துப்போயிருந்தது. வண்டி ஓடியிருந்தால் கீழ்ரோட்டுக்குப் பத்து நிமிடம், மச்சான். வெறும் பத்து நிமிடம்.

இன்று பொக்ஸைப் பூட்டி, கீழ்ரோடு வரை போய் வந்தேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. உன் மனைவி தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எஞ்சினை நிறுத்தியதும் மெல்ல வந்தாள்.

"அண்ணே, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்குக் காலையில அவரு உங்ககிட்ட ஏதும் சொன்னாரா? வலிக்குது, கிலிக்குதுன்னு?"

"ஒண்ணும் சொல்லல தங்கச்சி."

"அதானே. சொல்லியிருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்களே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். பிறகு குனிந்து, வண்டிக்கடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று மறுபடியும் பார்த்தேன். நீ சொன்னதும் நான் சொன்னதும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன, மச்சான். வேறு யாருக்கும் தெரியாது.