பெரியண்ணை சொன்ன சொறி

என் செல்ல அக்காவுக்கு,

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். உங்கள் செத்தவீட்டன்று, உங்களைப் பார்த்த அந்த ஆஸ்பத்திரி நேர்ஸ் வந்து என் கையைப் பிடித்து "சொறி" என்றார். நான் பதறிப்போய், "நோ நோ, யூ நோ மிஸ்டேக்" என்று அவரைத் தேற்றி அனுப்பினேன். மன்னிப்புக் கேட்கிற அதே சொல்தான் துக்கம் விசாரிக்கவும் என்று பிறகு என் மகள் சொல்லித்தந்தாள். முப்பது வருடம் மொன்றியலில் இருந்து என்ன பிரயோசனம்?

இடித்தால் சொறி. இடிபட்டாலும் சொறி. காது கேட்காவிட்டால் சொறி, மெற்றோவில் வழி கேட்டு நுழையவும் சொறி. இதில் பெரியண்ணையின் சொறி தனி ரகம். செயின்ட்-மிஷேலில் என் வீட்டில் எட்டு மாதம் படுக்கையில் கிடந்தீர்கள். அவர் இருக்கும் புரோசார்டிலிருந்து ஒரு பாலம் தாண்டினால் போதும். ஞாயிறு தவறாமல் ரெலிபோன் மட்டும் வந்தது. "சொறி தங்கச்சி, பாலத்தில ஒரே வாகனம்." "சொறி, இண்டைக்கு ஸ்னோ." ஸ்னோ கரைந்தபிறகு சொன்ன சாட்டு ஞாபகமா? "சொறி, புல்லு வெட்டோணும்."

போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவீர்கள்.

"டேய் சின்னவன், இண்டையான் சொறிக்கு என்னடா அர்த்தம்?"

"வரமாட்டன் எண்டு அர்த்தம்."

"போன கிழமையும் அதுதானே?"

"இல்லையக்கா. போன கிழமை வரேலாது. இது வரமாட்டன்."

சிரித்துச் சிரித்து உங்களுக்கு இருமல் வந்துவிடும். பிறகு கதவுப் பக்கம் பார்ப்பீர்கள். அந்தப் பார்வைக்காகவே அவரை நான் மன்னிக்கமாட்டேன்.

செத்தவீட்டில் உங்கள் பெட்டிக்கு முன்னால் நின்றும் "சொறி தங்கச்சி" என்றார். அதற்கு என்ன அர்த்தம்? எனக்குப் பிடிபடவில்லை. உங்களுக்குக் கேட்டதா?

அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் கல்வெட்டில், உங்கள் படத்தோடு உறவுகளின் பெயர்களும் போடும் அந்தப் புத்தகத்தில், அவர் இருக்கக்கூடாது. சனம் முதலில் புரட்டுவதே அந்தப் பக்கத்தைத்தான். அடித்தால் அங்கேதான் அடிக்கவேண்டும். நான் எழுதிக் கொடுத்த தாளில், சகோதரர் என்ற இடத்தில் என்னை முதலில் போட்டு அவரைக் கீழே தள்ளியிருந்தேன். அதுவும் மனதுக்குப் போதவில்லை. அச்சுக்காரரைக் கூப்பிட்டேன். பெரியண்ணையின் பெயரை என் வாயால் சொல்ல விருப்பமில்லை.

"சகோதரர் வரிசையில கடைசிப் பெயரை வெட்டிவிடுங்கோ."

"கடைசியோ? அண்ணை, வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"ஓம். ஈவிரக்கம் வேண்டாம்."

அக்கா, உங்கள் ஆண்டுத் திவசத்துக்குள் அவரை உங்கள் படத்துக்கு முன்னால் நிறுத்தி, அந்தக் கடைசிச் சொறிக்கு அர்த்தம் கேட்காமல் விடமாட்டேன். இது சத்தியம்.

மற்றபடி, கல்வெட்டு நேற்று வந்தது. அச்சுக்காரர் வழக்கப்படி பெயர்களை வயது ஒழுங்கில் மாற்றி அடுக்கிவிட்டு, கடைசியை வெட்டியிருக்கிறார். நூற்றைம்பது புத்தகம். பெரியண்ணை இருக்கிறார். நான் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் கூடப்பிறந்த தம்பி