என் பெயரை யாரும் மறுக்கவில்லை

நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லும் என் அஞ்சலைக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை சிப்பாய்களின் பந்தாட்டம். ஆஸ்திரேலியாக்காரர்கள் முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி உதைப்பார்களே, அதுதான். ‘பந்து வச்ச அடிதடி’ என்று நீ பேர் வைத்த ஆட்டம். நம் ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்து முகாமும் ரெம்பாவ் பக்கத்து முகாமும் மோதுகின்றன. நம் பக்கத்து முகாம் ஆட்களில் பாதிப் பேர் கம்யூனிஸ்டுகளைத் தேடிக் காட்டுக்குள் ரோந்து போய்விட்டதால், போன வருஷம் போலவே நம் லயத்து வீடுகளிலிருந்து இரண்டு பேரைக் கேட்டிருக்கிறார்கள்.

போன வருஷம் யாரை அனுப்புவது என்று குழாயடியில் நடந்த வாக்குவாதம் நினைவிருக்கிறதா? ஓர் இடம் மாரிமுத்துவுக்கு என்பதில் யாருக்கும் பேச்சில்லை. அவன் எம்பினால் பந்து தப்பாது. இன்னோர் இடத்துக்கு நானா, வேலுவா என்று இழுத்துக்கொண்டே போனது. தோட்டத்துக் கால்பந்துக் குழுவில் வெகுகாலம் ஆடியவன் என்ற மரியாதையில் பலரும் என் பக்கம் சாய்ந்தார்கள். அப்போதுதான் நீ வாளியைக் கீழே வைத்தாய்.

"அவரு வேணாம். மழ வந்தா முட்டியப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்துக்குவாரு. வேலுவப் போடுங்க."

லயமே சிரித்தது. பொண்டாட்டி ஓட்டே விழவில்லையே லா என்று நம்மை வேலை வாங்கும் மண்டோர் என் முதுகில் தட்டினார். இடம் வேலுவுக்குப் போனது.

வீட்டுக்கு வந்து நான் சாப்பிட மாட்டேன் என்றேன். அளந்து கொடுக்கிற அரிசி, உங்கள் கோபத்துக்கெல்லாம் வீணாக்க முடியாது என்று தட்டை என் பக்கம் தள்ளினாய். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று நான் முனகினேன். முதலில் யானை எழுந்திருக்கட்டும் என்றாய். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரம்தான் லுக்குட் போகும் சாலையில் காட்டிலிருந்து லாரியைச் சுட்டிருந்தார்கள். ஆட்டத் திடலோ கம்பி வேலிக்கு வெளியே. நிஜமாகவே என் முட்டிதான் காரணமா, இல்லை பயமா என்று கேட்டேன்.

"ரெண்டும்தான். ஒங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் யாரோட சண்ட போடுறது?"

என்னைப் பற்றித்தான் பயந்தாய். உன்னைப் பற்றி நாம் இருவருமே பயப்படவில்லை. மழைக்காலத்துக் காய்ச்சல் உனக்கு முற்றியபோது ஊரடங்கு. வேலிக் கதவைத் திறக்க உத்தரவு வரவில்லை. விடிந்து, ஆஸ்பத்திரிக்கு லாரி கிளம்பி, பாதி வழி போவதற்குள் உன் கை என் கையில் சில்லிட்டுப் போனது. கதவு முன்னமே திறந்திருந்தால் நீ இருந்திருப்பாயா? யாரைக் கேட்பது?

நேற்றும் குழாயடியில் கூடினோம். மண்டோர் எடுத்தவுடன் என் பெயரைச் சொன்னார். எல்லோரும் கை தூக்கினார்கள். என்னைவிட எவ்வளவோ நன்றாக ஆடும் வேலு கூட, "அண்ணனே ஆடட்டும்" என்றான். எவ்வளவு ஆசைப்பட்ட இடம்! ஆனால் நான் வாளிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஒரு பெண்பிள்ளையும் வாய் திறக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில் அவ்வளவு தனியாக நான் நின்றதே இல்லை.

அதனால் உன் வேலையை நானே செய்தேன்.

"நான் வேணாம். மழ வந்தா முட்டியப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்துக்குவேன். வேலுவப் போடுங்க."

அதே வார்த்தைகள்தான், அஞ்சலை. ஒருவரும் சிரிக்கவில்லை. மண்டோர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, போன வருஷம் ஆட்டம் பார்க்க வேலியோரம் நீ நின்ற இடத்தில் நான் நிற்பேன். வேலு பந்தைத் தவறவிட்டால் நீ திட்டியதைப் போலவே திட்டுவேன். திரும்பி வந்து சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவேன். இது சத்தியம். இதற்காவது ஒரு மறுப்புச் சொல்லேன்.

சண்டைக்கு ஆளில்லாத
உன் வீட்டுக்காரன்,
சின்னச்சாமி